காய்ச்சல் கண்ட அன்றே மாத்திரை: ஆஷா தீதி கொடுத்தால் நம்பலாமா?

கேள்வி: நான் திருநெல்வேலிக்காரி. ஒரு தொண்டு நிறுவனம் மூலமாக ஒடிசாவின் ராயகடா மாவட்டத்தில் ஒரு மலைக்கிராமத்தில், சிறுபிள்ளைகள் பள்ளியில் வேலை பார்க்கிறேன். மழைக்காலம் வந்தால் இங்கே காய்ச்சல் இல்லாத வீடே இல்லை. போன மாதம் இரண்டு வயதுப் பையன் ஒருவனுக்குக் காய்ச்சல். ஊர் ஆஷா தீதி (ஆஷா என்பது அரசின் கிராம சுகாதாரப் பணியாளர், தீதி என்றால் அக்கா) விரலில் குத்திப் பார்த்து, மலேரியா என்று சொல்லி, அங்கேயே மாத்திரையும் கொடுத்துவிட்டார். அவர் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவர். பெரிய மருத்துவமனை 30 கிலோமீட்டர் தூரம். அங்கே கூட்டிப் போங்கள் என்று நான் சொன்னதைத் தாய் கேட்கவில்லை. பையன் தேறிவிட்டான், ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. அடுத்த வாரம் இன்னொரு குழந்தைக்குக் காய்ச்சல்; பரிசோதனையில் மலேரியா இல்லை என்று வந்தது. தாய் எவ்வளவு கெஞ்சியும் ஆஷா மாத்திரை தரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வாரமாக அவரிடம் பரிசோதனைக் கிட்டே கிடையாது. நாங்களே மாத்திரை வாங்கிப் பள்ளியில் வைத்துக் கொடுக்கலாமா? மருத்துவம் படிக்காதவர் கையில் இதையெல்லாம் விடுவது சரிதானா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தத் தாய் செய்தது சரி. ஆஷா தீதி முதல் குழந்தைக்கு மாத்திரை கொடுத்ததும் சரி, இரண்டாவது குழந்தைக்குக் கொடுக்க மறுத்ததும் சரி. கிட் இல்லாமல் போன அந்த இரண்டு வாரம்தான் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருகிற விஷயம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

குழந்தைகளின் மலேரியாவில் எங்களுக்கு எதிரி நேரம்தான். உங்கள் மலைப்பகுதியில் அதிகம் காணப்படுவது ஃபால்சிபாரம் வகை. அந்த ஒட்டுண்ணி ரத்தச் சிவப்பணுவுக்குள் வளர்ந்து, ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கு ஒருமுறை அதை உடைத்துக்கொண்டு வெளியே வந்து புது அணுக்களுக்குள் புகுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பத்து மடங்குவரைகூடப் பெருகலாம். ஒட்டுண்ணி புகுந்த அணுக்கள் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் ஒட்டிக்கொண்டு அடைக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது. ஏற்கெனவே ரத்தசோகையோடு இருக்கிற பிள்ளைக்கு மிச்சமிருக்கும் ரத்தமும் கரைகிறது. பெரியவர்களுக்குப் பல நேரம் குளிரும் காய்ச்சலுமாகப் போகிற நோய், இரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டே நாளில் வலிப்பும் மயக்கமுமாக மாறிவிடும். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி பிறந்த சில மாதங்களில் தேய்ந்துபோகிறது. சொந்தமாக எதிர்ப்புச் சக்தி சேர வருடக்கணக்காகும். இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்பவர்கள்தான் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 5,97,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் இறந்தவர்கள், அங்கே இறந்தவர்களில் நாலில் மூன்று பேர் ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தைகள்.

இப்போது அந்த 30 கிலோமீட்டரைத் தாயின் கண்ணால் பாருங்கள். ஓடை பெருகியிருந்தால் வண்டி வராது. போனால் ஒரு நாள் கூலி போச்சு. வீட்டில் விட்டுப்போகிற மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது? மருத்துவமனையில் அவர்களுடைய குவி மொழி பேசுகிறவர் இருப்பாரா என்பதும் தெரியாது. அதனால் முதல் நாள் ‘விடிந்தால் பார்ப்போம்’ என்று போகும். இரண்டாம் நாள் ஊர்ப் பூசாரி-வைத்தியரான திசாரியிடம் பூசை. மூன்றாம் நாள் பிள்ளை கண் திறக்காதபோதுதான் ஜீப் தேடுவார்கள். தென் ஒடிசாவில் நான் வேலை பார்த்த காலத்தில் வார்டுக்கு வந்த மோசமான குழந்தைகளில் பெரும்பாலோர் மூன்றாம் நாளுக்குப் பிறகு வந்தவர்களே. அந்தத் தாய்மார்களை அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். மாத்திரை பக்கத்து வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டால் அந்தக் கணக்கே மாறிவிடுகிறது.

இது என் ஊகமில்லை. எத்தியோப்பியாவின் டிக்ரே மலைநாட்டில் கெப்ரேயெசுஸ் கிடானே, ரிச்சர்ட் மாரோ என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து, முடிவை 2000இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். ஒவ்வொரு குடியிருப்பிலும் அங்குள்ள தாய்மாரே ஒருவரை முன்னோடித் தாயாகத் தேர்ந்தெடுத்தார்கள். குழந்தைக்கு மலேரியா அறிகுறி தெரிந்தால் உடனே குளோரோகுயினை எந்த வயதுக்கு எவ்வளவு கொடுப்பது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எழுத்தறியாதவர்களும் புரிந்துகொள்ளும்படி படம் போட்ட அட்டை ஒன்றும், மாத்திரைகளும் அவர் வசம் தரப்பட்டன. அக்கம்பக்கத்துத் தாய்மாருக்கு அவர் சொல்லிக் கொடுத்தார். மருத்துவரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஒரு வருட முடிவில், இந்த ஏற்பாடு நடந்த ஊர்களில் ஐந்து வயதுக்குட்பட்ட ஆயிரம் குழந்தைகளுக்கு சுமார் 30 பேர் இறந்திருந்தார்கள். ஏற்பாடு இல்லாத ஊர்களில் அது 50. மலேரியா மரணம் என்று பிரித்து எண்ணாமல், எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மரணங்களைச் சேர்த்துப் பார்த்தே 40 சதவீதம் குறைவு. ஒரு மருந்தும் ஒரு அட்டையும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் சேர்ந்து இவ்வளவு செய்ய முடிந்ததை வைத்தே, படிப்பு எட்டாவதா பத்தாவதா என்ற கேள்வியை நான் கேட்பதில்லை. அட்டையைப் பார்த்துச் சரியாகக் கொடுக்கிறாரா, நடுராத்திரியில் கதவைத் தட்டினால் திறப்பாரா என்றுதான் கேட்பேன்.

எல்லா ஊரிலும் இப்படிப் பலித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கென்யாவின் சாரடிடி பகுதியில் 1980களில் ஊர்த் தொண்டர்கள் மூலமாகக் குளோரோகுயின் கொடுத்த திட்டத்தில் குழந்தை மரணம் குறைந்ததாகத் தெரியவில்லை. இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது: ஊரில் ஒருவரை நியமித்துவிட்டோம் என்பதோடு வேலை முடிவதில்லை. காய்ச்சல் கண்ட அன்றே தாய் அவரைத் தேடிப் போக வேண்டும், முழு மருந்தும் உள்ளே போக வேண்டும், அந்த மருந்து அந்த ஊர் ஒட்டுண்ணியைக் கொல்ல வேண்டும். மூன்றில் ஒன்று பிசகினாலும் பலன் கைக்கு வராது. மருந்தும் காலத்தோடு மாறியது. குளோரோகுயினுக்கு ஃபால்சிபாரம் பழகிவிட்டதால், அதைக் கொல்ல இன்று ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்துகளே தரப்படுகின்றன. உங்கள் ஆஷா கொடுத்த வண்ண அட்டையில் இருப்பதும் அதுவே. வயதுக்கு ஒரு நிறம் வைத்திருப்பதால் அளவு தவறுவதற்கான வாய்ப்பு குறைவு.

அடுத்து, இரண்டாவது குழந்தை. அன்றைக்கு உங்களுக்கு ஆஷா கல்நெஞ்சக்காரியாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் பழைய வழக்கம் என்ன தெரியுமா? காய்ச்சல் என்றாலே மலேரியா மாத்திரை. உகாண்டாவில் 2002இல் தொடங்கிய வீட்டுக் காய்ச்சல் சிகிச்சைத் திட்டத்தில் ‘ஹோமாபாக்’ என்ற பொட்டலத்தைப் பரிசோதனை எதுவுமின்றிக் கொடுத்தார்கள். அன்று கிராமத்தில் பரிசோதனைக்கு வழியில்லை, அதனால் அது அன்றைக்கு நியாயம். ஆனால் நிமோனியாவும் காய்ச்சலோடும் மூச்சிரைப்போடும்தான் வரும். மலேரியா மாத்திரை கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் வீட்டிலேயே வைத்திருந்தால், அந்தப் பிள்ளை நிமோனியாவுக்குப் பலியாகிவிடும். விரல் நுனி ரத்தத்தில் கால் மணி நேரத்தில் பார்க்கிற கிட்டுகள் பரவிய பிறகு, 2010இல் உலக சுகாதார நிறுவனம், சந்தேகம் எழுந்தால் எந்த வயதினருக்கும் முதலில் பரிசோதனை, பிறகே மருந்து என்று அறிவித்தது. ஆகவே ஆஷா மறுத்தது விதிப்படி மட்டுமில்லை, அந்தக் குழந்தையின் நன்மைக்கும்தான்.

ஆனால் ‘மலேரியா இல்லை, போய்விட்டு வா’ என்று தாயை வெறுங்கையோடு அனுப்பினால் அது பாதி வேலை. அவர் நேரே திசாரியிடம் போவார், அடுத்த காய்ச்சலுக்கு ஆஷாவிடம் வரவே மாட்டார். கிட்டில் ஒன்றும் தெரியாத குழந்தையின் சட்டையைத் தூக்கி, அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் என்றால் 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியாவாக எடுத்துக்கொண்டு அன்றே சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். பேதி இருந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும். காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால். மறுநாளும் காய்ச்சல் அடித்தால் மறுபடி விரலில் குத்த வேண்டும், ஏனென்றால் ஒட்டுண்ணி குறைவாக இருக்கும் முதல் நாளில் கிட் சில நேரம் காட்டாது. உங்கள் இரண்டாவது குழந்தை என்ன ஆனது என்று நீங்கள் எழுதவில்லை. இன்னும் காய்ச்சல் விட்டு விட்டு வந்தால், தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத் தடவல் (கண்ணாடியில் ரத்தம் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) பாருங்கள். கீழ் இமையைப் பிதுக்கிப் பாருங்கள். வெளுத்திருந்தால் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள்.

கிட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் பல ஊர்களில் தவறு இங்கேதான் நடக்கிறது. ஓட்டுக்கூரையின் கீழே தகரப் பெட்டியில் வைத்தால் கோடையில் கெட்டுவிடும். உறையைப் பிரித்ததும் அதே நேரத்தில் பயன்படுத்த வேண்டும். ஈரம் பட்டால் நம்ப முடியாது. கிட்டோடு வரும் கரைசலைச் சொட்டு எண்ணித்தான் விட வேண்டும், அட்டையில் போட்ட நேரத்தில்தான் பார்க்க வேண்டும். மாலையில் வந்து பார்த்தால் இல்லாத கோடு தெரியும். ஃபால்சிபாரத்தைக் காட்டுகிற கோடு, குழந்தை குணமான பிறகும் சில வாரம் வரை வந்துகொண்டிருக்கும். எனவே மாத்திரை முடிந்து பத்து நாளில் மறுபடி கோடு வந்தது என்பதை மட்டும் வைத்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. அப்படிப்பட்ட குழந்தைக்கு ரத்தத் தடவல்தான் பதில் சொல்லும்.

மாத்திரை கொடுக்கும்போது முதல் வேளை ஆஷாவின் கண்ணெதிரே உள்ளே போக வேண்டும். நசுக்கி, சுத்தமான தண்ணீரில் கரைத்து, கரண்டியால் கொடுக்கலாம். அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையைத் திரும்பக் கொடுக்க வேண்டும். மறுபடியும் வாந்தி என்றால் வீட்டு வைத்தியம் முடிந்தது, வண்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள். பெரும்பாலும் இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். பிள்ளை சிரிக்கும், கஞ்சி கேட்கும். மிச்ச மாத்திரையை அடுத்தவனுக்கு என்று முடிச்சுப் போட்டு வைப்பது அந்த நாளில்தான். மூன்று நாள் மாத்திரையும் முடியும் வரை யாராவது வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். உங்கள் பள்ளி உதவ முடிகிற இடம் இது. காய்ச்சல் விட்டு வருகிற பிள்ளைக்கு அன்றைய மாத்திரை கொடுத்தாயிற்றா என்று அவன் அம்மாவைக் கேட்டாலே போதும். மலேரியாவின் இன்னொரு வகையான வைவாக்ஸ் என்றால் குளோரோகுயினோடு 14 நாள் பிரைமாகுயினும் உண்டு. அது ஈரலில் ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணிக்கானது. ஒரு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடாது. பழங்குடி மக்கள் சிலரிடம் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்களுக்கு இந்த மருந்து ரத்தத்தை உடைக்கும். சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எப்போது ஆஷாவோடு நிற்கக் கூடாது? பால் குடிக்கவோ தண்ணீர் விழுங்கவோ முடியாத பிள்ளை, குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிற பிள்ளை, வலிப்பு வந்த பிள்ளை, தட்டி எழுப்பினாலும் விழிக்காத பிள்ளை, மூச்சுத் திணறுகிற பிள்ளை, உள்ளங்கை காகிதமாக வெளுத்த பிள்ளை, ஐந்து கிலோகூட இல்லாத கைக்குழந்தை. இவர்களை மருத்துவமனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். உங்கள் 30 கிலோமீட்டர் பயணம் இவர்களுக்குத்தான். வழியெல்லாம் தாய்ப்பாலோ சர்க்கரைத் தண்ணீரோ, விழுங்க முடிந்தால் மட்டும், கொடுத்துக்கொண்டே போக வேண்டும். மயக்கத்தில் இருக்கிற பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இப்படிப்பட்ட பிள்ளைக்குப் புறப்படும் முன் ஆசனவாயில் வைக்கிற ஆர்ட்டிசுனேட் குளிகை ஒன்று உண்டு. கானா, தான்சானியா, வங்கதேசம் ஆகிய நாடுகளில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், ஆறு மணி நேரத்துக்கு மேலாகியும் மருத்துவமனையை எட்ட முடியாதவர்களிடையே மரணத்தையும் நிரந்தர ஊனத்தையும் அது பாதியாகக் குறைத்தது. பிறகு காங்கோ, நைஜீரியா, உகாண்டாவில் இதைப் பெரிய அளவில் ஊர்த் தொண்டர்களிடம் கொடுத்தபோது அந்தப் பலன் வரவில்லை. குளிகை வைத்ததும் பிள்ளை கொஞ்சம் தெளிந்தது. சிலர் மருத்துவமனைக்குப் போகவில்லை, போன இடத்திலும் பலருக்கு முழுச் சிகிச்சை கிடைக்கவில்லை. 2022இல் உலக சுகாதார நிறுவனமே நாடுகளை எச்சரித்தது. குளிகை, வழியில் உயிரைப் பிடித்து வைக்கத்தான். நோயைத் தீர்ப்பது அங்கே போட வேண்டிய ஆர்ட்டிசுனேட் ஊசியும், அதற்குப் பின் மூன்று நாள் மாத்திரையும். அந்த ஊசியின் பெருமையில் உங்கள் மாநிலத்துக்கும் பங்குண்டு. பழைய மருந்தான கொய்னாவைவிட (குயினைன்) அது மேல் என்று நிறுவிய 2005ஆம் ஆண்டு ஆய்வு நடந்த மருத்துவமனைகளில் ரூர்கேலாவின் இஸ்பாத் பொது மருத்துவமனையும் ஒன்று. அதில் கடும் மலேரியா மரணம் 22 சதவீதத்திலிருந்து 15 ஆக இறங்கியது.

இனி அந்த இரண்டு வாரம். ஊர்க்காரர்கள் ஒருமுறை ஆஷாவிடம் வந்து கிட் இல்லை என்று திரும்பினால், அடுத்த தடவை வருவதற்குள் மூன்று நாள் கழிந்துவிடும். கட்டியெழுப்ப வருடமான நம்பிக்கை இரண்டு வாரத்தில் போய்விடும். ஒடிசாவிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 2017இல் ‘தமன்’ என்ற திட்டத்தில், எட்ட முடியாத குக்கிராமங்களுக்கு முகாம் போட்டுப் போய், காய்ச்சல் இல்லாதவர்களையும் சேர்த்துப் பரிசோதித்து மருந்து கொடுத்தார்கள். அதே ஆண்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மருந்தூட்டிய கொசுவலைகள் வீடு வீடாகப் போயின. அதற்கும் முன்பிருந்தே ஆயிரக்கணக்கான ஆஷாக்கள் கையில் கிட்டும் மாத்திரையும் இருந்தன. 2016இல் சுமார் 4,44,000 ஆக இருந்த மலேரியா நோயாளிகள் எண்ணிக்கை 2018இல் சுமார் 66,000 ஆனது. சில ஆண்டுகளுக்குப் பிறகு எண்ணிக்கை மறுபடி ஏறத் தொடங்கியது. ஓடை ஓடுகிற மலையில் கொசு எங்கேயும் போய்விடாது. உங்கள் பகுதிக் கொசுவான அனாஃபிலிஸ் ஃப்ளூவியாடிலிஸ் தெளிந்த ஓடையோரத் தண்ணீரிலேயே முட்டையிடும், சாக்கடை தேவையில்லை. வலையும் கிட்டும் மாத்திரையும் தொடர்ந்து வந்தால் மட்டுமே அது அடங்கும்.

நீங்களே மாத்திரை வாங்கி வைப்பது வேண்டாம். கடையில் வாங்குகிற கூட்டு மருந்தின் அளவு அட்டை வேறு, பரிசோதனை இல்லாமல் கொடுக்க நேரும், கணக்கில் வராத நோயாளிக்கு அடுத்த மாதம் கிட்டும் வராது. மேலும், பள்ளியில் இலவசமாகக் கிடைக்கிறது என்றால் ஆஷாவைத் தேடிப் போகிற பழக்கம் நின்றுபோகும். நீங்கள் ஊருக்குப் போகிற விடுமுறையில் அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் இல்லாமல் போவார்கள். வேறு வழி இருக்கிறது. இந்தியாவில் 1977இல் திருத்தப்பட்ட மலேரியாத் திட்டத்திலிருந்தே, பள்ளி ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும் அரசிடம் மாத்திரை வாங்கி ஊரில் கொடுக்கிற காய்ச்சல் சிகிச்சைக் கூடங்கள் இருந்திருக்கின்றன. வட்டார மருத்துவ அதிகாரியைப் பார்த்து, உங்கள் பள்ளியை ஆஷாவுக்கு இரண்டாம் இருப்பாகச் சேர்க்க முடியுமா, உங்களில் ஒருவருக்குப் பயிற்சி தருவார்களா என்று கேளுங்கள். பதிவேடு ஆஷாவின் பதிவேடாகவே இருக்கட்டும்.

அப்படிப் போகும்போது ஆஷாவையும் கூட்டிப் போங்கள், பேச்சை அவரே தொடங்கட்டும். போன வருடம் எந்தெந்த மாதம் எத்தனை கிட் செலவானது என்று அவர் பதிவேட்டிலிருந்து ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாரிகள் எண்ணுக்குத்தான் அசைவார்கள். ஆர்ட்டிசுனேட் குளிகை துணை மையத்தில் இருக்கிறதா, ஊசி எந்த மருத்துவமனையில் எப்போதும் இருக்கும், 108 வண்டி மழையில் எந்த இடம்வரை வரும், அங்கிருந்து பிள்ளையைத் தூக்கிவர ஊரில் யார் பொறுப்பு என்ற நாலும் அந்தத் தாளிலேயே பதிலோடு எழுதப்பட வேண்டும். மழை ஜூனில் பிடித்துவிடும். இருப்பு மே மாதக் கடைசிக்குள் ஊருக்கு வந்து சேர்ந்தாக வேண்டும் என்று தேதி கேட்டு வாங்குங்கள்.